எல்லாரும் எறங்கணும்

சந்திரகலாவின் ஆட்டோவில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும், கேஸ் பங்க்கில் வண்டி நின்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். பைபாஸ் ரோட்டு பங்க்கில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். வண்டியில் வந்தவர்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய் நின்ற பிறகுதான் கேஸ் குழாயை மாட்ட விடுவாள். மற்ற ஆட்டோக்காரர்களும் சட்டப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் வயதானவர், மழை, கைக்குழந்தை என்று ஏதாவது வந்தால் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். சந்திரகலா இருக்க மாட்டாள். கைக்குழந்தையாக இருந்தால் தானே வாங்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் நிற்பாள்.

ஒரு முறை ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இறங்க மறுத்தார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். எறங்குங்க."

அவர் இறங்கினார். அதற்குப் பிறகு அவளுடைய வண்டியில் அவர் ஏறவே இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

சந்திரகலா முதலிலிருந்தே ஆட்டோ ஓட்டியவள் அல்ல. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலை பார்த்தாள். ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவரின் மோதிரம் காணாமல் போனது. மேனேஜர் எல்லாருக்கும் முன்னால் அவளுடைய மதிய உணவுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். தரையில் உருண்டது புளிசாதமும் ஒரு வேகவைத்த முட்டையும்தான். மோதிரம் அந்த ஆளின் செருப்புக்குள்ளேயே கிடைத்தது. மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, போய் வேலையப் பாரு" என்றார். சந்திரகலா குனிந்து அந்தப் புளிசாதத்தை ஒரு பருக்கை விடாமல் அள்ளிப் பையில் போட்டாள். துடைப்பத்தை அவர் மேசை மேல் வைத்தாள். "நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கண்ணீர் தெருமுனை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் அவள் அதை வர விடவில்லை.

அவள் கணவன் வேணு டிபன் கடையில் மாஸ்டர். சாந்தமான மனிதர். ஆட்டோ ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்ன இரவு, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காக்கிச் சட்ட கையில தைக்கிறதா, கடையில வாங்குறதா?"

பழைய வண்டிதான் கிடைத்தது. பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் கேஸ், மறுபக்கம் தள்ளினால் பெட்ரோல், நடுவில் நிறுத்தினால் இரண்டும் கிடையாது. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் கேஸுக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது சுவிட்சை நேராகத் தள்ளிவிடக் கூடாது. நடுவில் நிறுத்தி, கார்பரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும் வரை ஓட்ட வேண்டும். வண்டி இருமும், திக்கும், நின்றுவிடப் போகிற மாதிரி குலுங்கும். அப்போதுதான் கேஸ் பக்கம் தள்ள வேண்டும். பயந்துபோய் முன்கூட்டியே தள்ளினால் இரண்டும் கலந்து இன்ஜின் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். புதிதாக ஓட்டுகிற எல்லாரும் செய்கிற தப்பு அது. சந்திரகலாவும் செய்தாள், தேரடி வீதியில், நாலு பேர் பார்க்க. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "வூட்ல அடுப்பு பத்த வைக்கிற மாதிரி இல்லக்கா இது" என்றான்.

"உனக்கு அதுவும் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கி வண்டியைத் தனியாகத் தள்ளினாள்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் தன் வண்டியை ஒளித்து வைத்தாள். மகளுக்காக.

ஓவியா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவளுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் அறிவுமதி விவசாயம் படித்தவன், விதைக் கடை வைத்திருந்தான். அப்பா இல்லை. அம்மா ராஜம்மாள்தான் எல்லாம். கொண்டுவந்தவர் தரகர் கண்ணாயிரம். பொய் சொல்லாமல் ஒரு கல்யாணமும் நடக்காது என்று உறுதியாக நம்புகிறவர்.

"தங்கச்சி, கோச்சிக்காத. அந்தம்மா கவுரவம் ஜாஸ்தி பாக்கும். நீ தையல் கத்துத் தர்றன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதே அண்ணே."

"யாரு கோக்கச் சொல்லப் போறா? பொண்ணு பாக்குற அன்னிக்கு மட்டும் வண்டி தெருவுல நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

ஓவியா கொதித்தாள். "நீ என்னா திருடியாம்மா? எதுக்கு ஒளிக்கணும்?"

பெற்ற வயிறு எதற்கெல்லாம் வளைந்து கொடுக்கும் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போது எப்படித் தெரியும்? பெண் பார்ப்பதற்கு முதல் நாள் சாயங்காலமே சந்திரகலா ஆட்டோவை இரண்டு தெரு தள்ளி, மாட்டுக்கொட்டகை ஓரம் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினாள். வழக்கமாக அந்த நேரத்தில் கேஸ் போட்டுவிட்டு வருவாள். அன்று போடவில்லை. தார்ப்பாயின் முடிச்சைப் போடும்போது, அந்த லாட்ஜ் மேனேஜரின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் பௌர்ணமி. அண்ணாமலையப்பனையும் பார்த்த மாதிரி ஆச்சு, பொண்ணையும் பார்த்த மாதிரி ஆச்சு என்று ராஜம்மாளே குறித்த நாள். கூட்டம் இவ்வளவு இருக்கும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. பேருந்துகளை ஊருக்கு வெளியே திண்டிவனம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலப் பாதையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சந்திரகலாவின் வீடோ அந்தப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில்.

பகல் உச்சியில் கண்ணாயிரத்திடமிருந்து போன் வந்தது. வேணு ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, அடி அண்ணாமலைன்னு சொன்னா ஒரு ஆட்டோக்காரனும் வர மாட்டேன்றான். அந்தம்மா வெயில்ல நிக்குது. முட்டி வலி வேற. திரும்பிப் போயிடலாம்னு சொல்லுது."

பட்டுப் புடவை கட்டி, மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு நின்ற சந்திரகலா, கணவனைப் பார்த்தாள். வேணு பஜ்ஜி மாவைக் கலக்கிக்கொண்டே, ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைக் கண்ணால் காட்டினார்.

பட்டுப் புடவை மேலேயே அதைப் போட்டுக்கொண்டாள். தார்ப்பாயை இழுத்துத் தரையில் எறிந்தாள். வயல் வழியாகப் போகும் மண்பாதை உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதில் விழுந்து பைபாஸைப் பிடித்தாள். பங்க்கில் வரிசை நீளமாக இருந்தது. வெயிலில் நிற்கிறவர்களை நினைத்து நிற்காமல் போனாள்.

கண்ணாயிரம் ஆட்டோவைப் பார்த்ததும் சிரித்தார். ஓட்டுகிறவளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. ராஜம்மாளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாயில் விரலை வைத்துக் கெஞ்சினார். சந்திரகலாவும் தான் யார் என்று சொல்லவில்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

"ஏம்மா, பொம்பள ஓட்டுற வண்டி, பத்திரமா போவுமா?" என்றுதான் ராஜம்மாள் கேட்டாள்.

"ஏறுங்கம்மா. போவலன்னா நான் தள்ளுறேன்."

பங்க் வந்தபோது கேஸ் முள் சிவப்பில் படுத்துவிட்டது. வரிசை கொஞ்சம் குறைந்திருந்தது. அவர்கள் முறை வந்ததும் சந்திரகலா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"எல்லாரும் எறங்கணும். கேஸ் போடணும்."

அறிவுமதி உடனே இறங்கி மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நின்றான். கண்ணாயிரம் அரை மனதாக இறங்கினார். ராஜம்மாள் அசையவில்லை.

"போடும்மா. நான் உக்காந்திருக்கேன்."

"உக்காரக் கூடாதும்மா. எறங்குங்க."

"முட்டி வலிக்குது. ஏறி ஏறி எறங்க முடியாது."

"கையக் குடுங்க, நான் எறக்குறேன்."

அந்தக் கை தன்னை நோக்கி நீண்டதுதான் ராஜம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டோ ஓட்டுறவ சொல்லி நான் நடுரோட்டுல நிக்கணுமா? சம்பந்தம் பேசப் போறவ நானு. கார்ல வந்திருந்தா இப்படிச் சொல்லுவியா?"

"கார்ல கேஸ் போட்டாலும் எறங்கித்தான் ஆகணும்."

குழாயைப் பிடித்திருந்த ஊழியர் கருப்பன் நெளிந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கண்ணாயிரம் அவள் காதருகே வந்தார். "தங்கச்சி, உன் பொண்ணு வாழ்க்க. ரெண்டு நிமிஷம். யாரு பாக்கப் போறா?"

"நெருப்பு பாக்கும்" என்றாள் சந்திரகலா.

ஒரு கணம் அவள் அப்படியே நின்றாள். எதிரே பட்டுப் புடவையில் உட்கார்ந்திருப்பது மகளுக்கு மாமியாராக வரப் போகிறவள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தான் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியப் போகிறது. இப்போது வளைந்து கொடுத்தால் எல்லாம் நல்லபடி முடியலாம். நேற்று தார்ப்பாய் போட்டவள்தானே, இன்று ஒரு குழாயை மாட்ட விட்டால் என்ன? நெஞ்சு அப்படிக் கேட்டது. கை கேட்கவில்லை. கேஸ் மூடியைத் திருகி மூடியது.

"வேணாம் கருப்பா. அடுத்த வண்டிக்குப் போடு."

மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு, சுவிட்சைப் பெட்ரோல் பக்கம் தள்ளினாள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்காக வைத்திருக்கும் கொஞ்சம் பெட்ரோல்தான். அதில் வீடு வரைக்கும் போய்விடலாம். அதற்கு மேல் எவ்வளவு தூரம் என்று அவளுக்கே தெரியாது.

தான் ஜெயித்துவிட்டதாக ராஜம்மாள் நினைத்தாள்.

வண்டி வீட்டு வாசலில் நின்றது. வேணு ஓடி வந்து வரவேற்றார். ராஜம்மாள் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "பொண்ணோட அம்மா எங்க?" என்று கேட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சந்திரகலா உள்ளே வந்தாள். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை.

"நான்தான்" என்றாள்.

கண்ணாயிரம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் படிக்க ஆரம்பித்தார். ராஜம்மாளின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"தையல் கத்துத் தர்றதா சொன்னாங்களே."

"அது பொய்ங்க. நான் ஆட்டோ ஓட்டுறேன். அந்தப் பொய்க்கு நானும் ஒத்துக்கிட்டேன். அதுக்கு மட்டும் மன்னிச்சிக்குங்க. வேற எதுக்கும் கேக்க மாட்டேன்."

ஓவியா காபித் தட்டோடு வந்தாள். தாயின் பட்டுப் புடவை மேல் காக்கியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கின, உதடு சிரித்தது. அறிவுமதி அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பஜ்ஜி ஆறியது. கடைசியில் ராஜம்மாள் தொண்டையைச் செருமினாள். அவளும் கெட்டவள் அல்ல. கணவன் போன பிறகு, நாலு பேர் வாய்க்குப் பயந்து பயந்தே ஒரு பிள்ளையை வளர்த்தவள்.

"பொண்ணு லட்சணமா இருக்குது. எம் பையன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நான் குறுக்க நிக்கல. ஒண்ணே ஒண்ணு. நிச்சயம் பண்ணதுக்கு அப்புறம் நீங்க இந்த வண்டிய ஓட்டக் கூடாது. எங்க ஊர்ல கேப்பாங்க."

"கேட்டா, ஓட்டுறாங்கன்னு சொல்லுங்க."

"வித்துட்டு ஒரு கடை கிடை வெச்சிக்கிட்டா என்னா?"

"வண்டிய மூடி வெச்சி ஒரு ராத்திரி தூங்கிப் பாத்தேன் சம்பந்தி. தூக்கம் வரல. மிச்ச நாளெல்லாம் எப்படித் தூங்குவேன்?"

"அப்ப பொண்ணு முக்கியமில்லயா?"

அந்தக் கேள்வி ஈட்டி மாதிரி வந்து பாய்ந்தது. சந்திரகலா தடுமாறிய அந்த ஒரு நொடியில் பதில் சொன்னது ஓவியா.

"அம்மா வண்டிய விட்டாத்தான் கல்யாணம்னா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அந்த வண்டியிலதான் நான் காலேஜ் போனேன். அதுல போய்தான் வேலையில சேந்தேன். இப்ப அது அசிங்கம்னா, நானும் அசிங்கம்தான்."

ராஜம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கண்ணாயிரம், போலாம். ஒரு ஆட்டோ கூப்புடு."

கண்ணாயிரம் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இன்னிக்கு இந்தப் பக்கம் எந்த ஆட்டோவும் வராதும்மா."

வேணு பஜ்ஜித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "இருக்கிற ஆட்டோ ஒண்ணுதான். வாசல்ல நிக்குது."

சந்திரகலா போய் வண்டியில் உட்கார்ந்தாள். எத்தனை பேர் அவளை அவமானப்படுத்தியிருக்கிறார்கள். ஏற வந்தவரை அவள் ஒரு நாளும் நடக்க விட்டதில்லை.

மண்பாதையில் வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் சந்திரகலா வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோலச் சக்கரத்தை இறக்கினாள். வரும்போது இந்தப் பாதையில் முட்டி வலித்ததாக ராஜம்மாள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஏன் வலிக்கவில்லை என்று இப்போதுதான் அந்த அம்மாளுக்குப் புரிந்தது. வரும்போதும் இவள் இப்படித்தான் ஓட்டியிருக்கிறாள். பங்க்கில் அத்தனை பேச்சு வாங்கிய பிறகும்.

பைபாஸ் ஏறும்போது அறிவுமதி வாயைத் திறந்தான்.

"அம்மா, எனக்குப் புடிச்சிருக்கு. அவங்க வண்டி ஓட்டுறதயும் சேத்துத்தான் சொல்றேன். ஊர்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ராஜம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் மலையைச் சுற்றி ஜனங்கள் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

பங்க்கை நெருங்கும்போது இன்ஜின் முனகியது. பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. இனி கேஸ் போடாமல் ஒரு அடி நகராது. சந்திரகலா வண்டியை உருட்டிக்கொண்டுபோய்க் குழாயடியில் நிறுத்தினாள். இந்த முறை அந்த அம்மாள் மறுத்தால் என்ன செய்வது? அவர்களும் போக முடியாது, அவளும் போக முடியாது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் திரும்பினாள்.

சொல்வதற்குள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தாள் ராஜம்மாள். மறு காலை எடுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சந்திரகலா கையை நீட்டினாள். ராஜம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நின்றார்கள். ஒருத்தி பட்டு. இன்னொருத்தி பட்டு மேல் காக்கி.

"எல்லாரையும் இப்படித்தான் எறக்குவியா?"

"எல்லாரையும்தான்."

"கலெக்டர் வந்தா?"

"எறங்கணும்."

"சம்பந்தின்னா?"

"சம்பந்தின்னா கையப் புடிச்சி எறக்குவேன்."

ராஜம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாயிரம் தனக்கு வர வேண்டிய தரகை நினைத்தோ என்னவோ, மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெட்ரோல் துளி மிச்சத்தில் ஸ்டார்ட் ஆகிக் கிளம்பிய வண்டி கொஞ்ச தூரத்தில் இருமியது, குலுங்கியது. சந்திரகலா சுவிட்சை நடுவில் வைத்திருந்தாள்.

"நின்னுடப் போவுது" என்று ராஜம்மாள் அவள் தோளைப் பிடித்தாள்.

"நிக்காது. உள்ள இருக்கிற பழசு தீரணும். அவசரப்பட்டாத்தான் நிக்கும்."

வண்டி கடைசியாக ஒரு முறை திக்கியது. சுவிட்சைத் தள்ளினாள். கேஸ் பிடித்துக்கொண்டது. இன்ஜின் சத்தம் சீரானது. தோளில் வைத்த கையை ராஜம்மாள் திண்டிவனம் ரோட்டில் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் எடுக்கவில்லை. இறங்கும்போது மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"சரி, வண்டிய விட வேணாம். கல்யாணத்தன்னிக்கு மட்டும் வேற யாராவது ஓட்டட்டுமே."

"எம் பொண்ண வேற யாரு வண்டியிலயோ ஏத்தி அனுப்புறதா? அன்னிக்கும் நான்தான் ஓட்டுவேன்."

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தம் திருவண்ணாமலையில். மாப்பிள்ளையும் பெண்ணும் ராஜம்மாளும் சந்திரகலாவின் ஆட்டோவில் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினார்கள். விடியற்காலையிலிருந்து சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கியதில் கேஸ் தீர்ந்திருந்தது. வாழைக்கன்று கட்டிய ஆட்டோ பங்க்குக்குள் நுழைந்தபோது, வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இறங்கினான். ராஜம்மாள் யாரும் சொல்லாமலே இறங்கிக் கோட்டுக்கு அப்பால் போனாள். ஓவியா கழுத்து நிறைய மாலையோடு, கனத்த கூறைப்புடவையில் அமிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

குழாயைக் கையில் எடுத்த கருப்பனுக்கே மனசு கேட்கவில்லை.

"அக்கா, கல்யாணப் பொண்ணு. அது மட்டும் உக்காந்திருக்கட்டுமே."

சந்திரகலா மகளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அதைக் காக்கிச் சட்டையின் கையால் துடைத்தாள்.

"எறங்கு ஓவியா."

மாலை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெண் இறங்கினாள். மஞ்சள் கோட்டுக்கு அப்பாலிருந்து ராஜம்மாள் கை நீட்டினாள்.

"வாம்மா, இங்க வந்து நில்லு. உங்கம்மா கேஸ் போடட்டும்."